சர்ச்கேட்டில் சர்ச் எங்கே?

மும்பை சர்ச்கேட் ஸ்டேஷன் வாசலில் டாக்ஸிக்காரர் கேட்டது 200 ரூபாய். போக வேண்டிய இடமோ ஹார்னிமன் சர்க்கிள். மீட்டர் போட்டால் குறைந்தபட்சக் கட்டணமான 31 ரூபாயோடு முடிந்துவிடும். "மீட்டர் ரிப்பேர்" என்றார், முகத்தைக் கூடத் திருப்பாமல். அத்தை மகன் இந்தியில் நாலு வார்த்தை விட்டதும் 150க்கு இறங்கினார். தாராவிக்குப் பக்கத்து மாகிமிலிருந்து அவ்வளவு தூரம் ரயிலில் வந்ததற்கே ஆளுக்குப் பத்து ரூபாய்தான். மும்பை டாக்ஸிக்காரர்கள் நாணயமானவர்கள் என்று சென்னையில் கதை விடுபவர்களை எல்லாம் அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். போய்யா என்று நடந்துவிட்டோம்.

அங்கே இருக்கும் ஒரு பழைய சர்ச்சுக்கு எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ஆள் முகம் ஞாபகம் வந்து எல்லாம் கலைந்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தை குடும்பம் திருநெல்வேலியிலிருந்து போய் தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் வேரூன்றியது. மச்சான் தினமும் வேலைக்கு இறங்குவது சர்ச்கேட்டில்தான். "சர்ச்கேட்ல சர்ச் எங்கல இருக்கு?" என்று முந்தின நாள் ராத்திரி கேட்டேன். "பேருதாம்ல அப்படி. அங்க சர்ச்சும் கெடையாது, கேட்டும் கெடையாது" என்றான்.

இரண்டுமே இருந்தன. பம்பாய்க் கோட்டைக்கு மூன்று வாசல்கள்: அப்போலோ கேட், பஜார் கேட், சர்ச் கேட். கோட்டைக்குள் இருந்த புனித தோமையார் (இயேசுவின் சீடர் செயின்ட் தாமஸ்) ஆலயத்துக்குப் போகும் வாசல் என்பதால் மூன்றாவதற்கு அந்தப் பெயர். 1860களில் கோட்டை மதிலோடு வாசலும் இடிபட்டது. அது இருந்த இடத்தில்தான் 1864இல் ஃப்ளோரா ஃபவுண்டன் என்ற நீரூற்று எழுந்தது. வாசல் போன பிறகு வந்த ஸ்டேஷன் அதன் பெயரை எடுத்துக்கொண்டது. சர்ச்கேட் ஸ்ட்ரீட் கூட இப்போது வீர் நரிமன் ரோடு ஆகிவிட்டது. ஸ்டேஷன் மட்டும் அசையவில்லை.

அந்த ரோட்டிலேயே நேராக நடந்து, ஃப்ளோரா ஃபவுண்டனைத் தாண்டினால், ஹார்னிமன் சர்க்கிள் பக்கம் மரங்களுக்குப் பின்னால் அந்த ஆலயத்தின் வெள்ளைக் கோபுரம். எனக்கு வீடு பரங்கிமலை அடிவாரம். தோமையார் அங்கேதான் உயிர்நீத்தார் என்பது மரபு. மலை உச்சிக் கோயில் 1523இல் போர்ச்சுக்கீசியர் கட்டியது. மலை, சாந்தோம், சைதாப்பேட்டைச் சின்னமலை, மெட்ரோ ஸ்டேஷன் என்று எங்கள் ஊரில் அவர் பெயர் இல்லாத திசை இல்லை. மும்பைக்காரர்களோ தினமும் அவர் ஆலயத்தின் வாசலைச் சொல்லியே டிக்கெட் வாங்குகிறார்கள், அவரை மட்டும் தெரியாது!

ஆலயத்தை 1676இல் கவர்னர் ஜெரால்ட் ஆஞ்ஜியர் தொடங்கினார். அவர் இறந்ததும் வேலை ஏறக்குறைய நாற்பது வருடம் அப்படியே கிடந்தது. ரிச்சர்ட் காப் என்ற பாதிரியார் விடாப்பிடியாக முடித்து, 1718 கிறிஸ்துமஸ் அன்று திறந்தார். நம் ஊர் மேம்பாலங்களைத் திட்டுவதை நான் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

உள்ளே நுழைவு இலவசம். பீடத்தை விடச் சுவர்தான் என்னை இழுத்தது. எங்கு பார்த்தாலும் சலவைக்கல் நினைவுச் சின்னங்கள்: போரில் செத்தவர், காய்ச்சலில் செத்தவர், கப்பலில் செத்தவர். 1811இல் இறந்த கவர்னர் ஜொனாதன் டங்கனின் சிற்பத்தில் இரண்டு குழந்தைகள் ஒரு சுருளைப் பிடித்திருக்கின்றன. பனாரஸிலும் குஜராத்தின் கத்தியவாரிலும் சிசுக்கொலையை ஒழித்தவர் என்று அதில் பொறித்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களுக்குப் புகழ்ச்சி கொஞ்சம் தாராளம்தான், ஆனால் அந்தக் குழந்தைகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

மச்சானை அசைத்தது வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் பம்பாயின் மைல் கணக்கே இந்த ஆலயத்திலிருந்துதான். ரோமன் எண் பொறித்த கருங்கற்கள் ஊர் நெடுக நட்டிருந்தார்கள். நடைபாதை உயர உயரப் பல கற்கள் புதைந்துபோய், இப்போது சிலவற்றைத் தோண்டி எடுத்துச் சீர்செய்திருக்கிறார்கள். "நம்ம ரூட்லயும் ஒண்ணு இருக்கும்லே!" என்று அங்கேயே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டான்.

பசி. ஆலயம் இருக்கும் ஃபோர்ட் பகுதியில் கண்ணாடிக் கதவு ஹோட்டல் ஒன்றின் விலைப்பட்டியலை வாசலிலேயே படித்துவிட்டுத் திரும்பி, ரயிலேறி 90 அடி ரோட்டுக்கே வந்துவிட்டோம். தட்டு கொள்ளாத பரோட்டா. அதைப் பிய்த்துப் போட்டு, மேலே கொதிக்கக் கொதிக்கச் சால்னா. பெருஞ்சீரகம் முன்னால் வந்து, காரம் கொஞ்சம் தாமதித்து வந்து தொண்டையில் உட்கார்ந்தது. "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா அண்ணே?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றினார் பையன், அதற்குக் காசு கிடையாது. இருவரும் வயிறு முட்டச் சாப்பிட்டு முந்நூறைத் தொடவில்லை. சென்னையில் இந்த விலைக்கு இந்தச் சால்னாவை யாராவது காட்டுங்கள், பார்ப்போம்.

போகிறவர்கள் வார நாளில் போங்கள், ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் போய்ப் படமெடுத்து நிற்காதீர்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் கட்டாயம். டங்கன் கவர்னரைத் தேடாமல் வந்துவிடாதீர்கள்.