வார்டு ஆபீஸ் முத்திரை

சிங்கப்பூரில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ஆவணம் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். மியன்மார் என்று திரையில் வந்தாலே எங்கள் பிரிவில் எல்லாருக்கும் கை கொஞ்சம் நிதானப்படும். 2022 அக்டோபரில் எஃப்ஏடிஎஃப், அதாவது கறுப்புப் பணத்துக்கும் பயங்கரவாத நிதிக்கும் எதிரான அனைத்துலக அமைப்பு, அந்த நாட்டை ஈரான், வடகொரியாவோடு சேர்த்துக் கறுப்புப் பட்டியலில் போட்டது. அடுத்த மே மாதம் மியன்மாருக்கான ஐநா சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸின் அறிக்கை வந்தது. 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மியன்மார் ராணுவத்துக்குப் போன ஆயுதம், உதிரிபாகம், மூலப்பொருள் ஆகியவற்றில் 254 மில்லியன் அமெரிக்க டாலர் மதிப்புள்ளவை சிங்கப்பூரில் உள்ள நிறுவனங்கள் வழியாகப் போனவை என்றார். சிங்கப்பூர் அரசாங்கத்துக்கு இதில் பங்கு இருப்பதாக அவர் சொல்லவில்லை. ஆனாலும் வங்கிகள் பிடியை இறுக்கின. வங்கிகளை நம்பித் தொழில் செய்யும் எங்களைப் போன்ற பணம் அனுப்பும் நிறுவனங்களும் இறுக்கின. அதில் தப்பு இருப்பதாக அன்றும் எனக்குத் தோன்றவில்லை. இன்றும் முழுதாகத் தோன்றவில்லை.

அந்தப் பெண் வந்தது 2024 நடுவில். முதியோரைப் பராமரிக்கும் தாதிமை இல்லத்தில் வேலை, சொந்த ஊர் மியன்மாரின் பெகு. பர்மாத் தமிழ்க் குடும்பம். தமிழில் பேசியதால் முகப்பில் இருந்தவர் என்னிடம் அனுப்பிவிட்டார். ஊரில் இருக்கும் தம்பி கணக்குக்கு 400 சிங்கப்பூர் வெள்ளி போட வேண்டும். தம்பி என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றேன்.

“என்ன கடுதாசி வேணும், அக்கா?”

“குடும்பப் பட்டியல். உங்க வார்டு ஆபீஸ்ல புதுசா முத்திரை போட்டு வாங்கணும். பழசு செல்லாது.”

“தம்பிதான் போய் வாங்கணும். அவனுக்கு இருபத்து நாலு வயசு.”

“அதனால என்ன?”

இந்த ‘அதனால என்ன’தான் இன்னும் என்னைச் சும்மா விடவில்லை. அவள் கோபப்படவில்லை. விவரம் தெரியாத வீட்டு மூத்தவளுக்குச் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னாள்: “பட்டாளத்துக்குப் பேர் எழுதுற ஆபீஸும் அதுதானே.”

எனக்குச் செய்தி தெரியாமல் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி ராணுவ ஆட்சி கட்டாயச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. ஆள் கணக்கெடுப்பது வார்டு நிர்வாகிகள் என்பதையும் படித்திருந்தேன். ஆனால் அது காலையில் எம்ஆர்டி ரயிலில் படித்த செய்தி. இது மேசைமேல் இருக்கும் படிவம். இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் போய் முட்டும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

“அப்போ அம்மா போகலாமே?” என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள். “போகலாம். பட்டியல்ல அவன் பேரும்தானே இருக்கு? மகன் எங்கேன்னு கேக்க மாட்டாங்களா?”

இவ்வளவு கெடுபிடியும் எதற்கு? அந்த ராணுவத்தின் கைக்குப் பணம் போய்ச் சேரக் கூடாது என்பதற்கு. அதை உறுதிசெய்ய நான் கேட்டது, அதே ராணுவத்தின் கீழ் இருக்கும் வார்டு நிர்வாகியின் முத்திரை. இதை அவள் சொல்லவில்லை. அன்று இரவு பாத்திரம் கழுவும்போது நானாகவே சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டு, அப்படியானால் யாருடைய முத்திரையை நம்புவது என்றும் கேட்டுக்கொண்டேன். போலி உறவு காட்டிப் பணம் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வேலையில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவள் வேலை அனுமதி அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். “சரிக்கா, வேற வழி பாத்துக்கிறேன்.”

வேற வழி என்றால் உண்டியல். இங்கே ஒருவரிடம் வெள்ளியைக் கொடுத்தால் அங்கே வீட்டு வாசலில் மியன்மார்ப் பணமான கியாட் வந்துவிடும். உரிமம் இல்லாமல் அப்படித் தொழில் நடத்துவது இங்கே குற்றம். நான் வாயைத் திறக்கவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் இருந்து வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் சம்பளத்தில் கால் பங்கை அதிகாரபூர்வ வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று அந்த ஆட்சி விதி போட்டிருக்கிறது. அவர்களுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். மத்திய வங்கியின் விலை டாலருக்கு 2,100 கியாட். வெளிச்சந்தையில் அப்போது அதைப் போல இரு மடங்குக்கு மேல். ஆக, ராணுவத்துக்குக் காசு போகக் கூடாது என்று நினைக்கிற மியன்மார்க்காரருக்கு உண்டியல்தான் நல்ல வழியாகப் படும். சிங்கப்பூரில் மியன்மார்க்காரர்கள் கூடும் பெனின்சுலா பிளாசா பக்கம் போகிறவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. உரிமம் உள்ள நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் போனதும் குறிப்புக் கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது. ‘ஆவணம் தரப்படவில்லை’ என்று மட்டும் போட்டேன். தம்பி, பட்டாளம், வார்டு ஆபீஸ், வேற வழி, எதையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் குறைந்தது ஐந்து ஆண்டு அது எங்கள் கோப்பில் கிடக்கும். யார் யார் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் எழுதவில்லை என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். எழுதினால் மேலிடத்தில் இருந்து எனக்குக் கேள்வி வரும், அதுவும் ஒரு காரணமா? இருக்கலாம்.

ஜூன் மாதம் ஆண்ட்ரூஸின் அடுத்த அறிக்கை வந்தது. சிங்கப்பூர் வழியாக ராணுவத்துக்குப் போன ஆயுதச் சரக்கு ஓராண்டில் 110 மில்லியன் டாலரில் இருந்து சுமார் 10 மில்லியனாகக் குறைந்துவிட்டதாம். எங்களைப் போன்றவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டதும் இதற்கு உதவியிருக்கும் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த 110 மில்லியனில் 400 வெள்ளி அனுப்பும் தாதிமை இல்ல ஊழியர் யாரும் இல்லை. தாய்லாந்து வழியாகப் போவது இரு மடங்கானதையும் அதே அறிக்கை சொல்கிறது.

பிறகு எங்கள் மேலாளரிடம் பேசினேன். நம்மவர்தான், இந்தத் துறையில் ஊறியவர். பட்டாள வயதில் இருக்கும் ஆண்களுக்கு மட்டுமாவது வார்டு ஆபீஸ் கடிதம் வேண்டாம் என்று விலக்குக் கொடுக்கலாமே என்றேன். முழுதாகக் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

“சரிம்மா, கொடுக்கலாம். ஆனா விலக்கு கொடுத்தா யார் யாருக்குக் கொடுத்தோம்னு பதிவு வைக்கணும். 18ல இருந்து 35 வரைக்கும் உள்ள பையன்க, பேரு, ஊரு, விலாசம், வங்கிக் கணக்கு. அப்படி ஒரு பட்டியலை நாமளே போட்டு வைக்கலாமா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வயதுக் கணக்கே வேண்டாம், எல்லாருக்கும் பழைய பிறப்புச் சான்றிதழை ஏற்கலாம் என்று திருத்தி எழுதிக் கொடுத்தேன். இன்னும் மேலிடத்தில் இருக்கிறது. பெகுவில் பிறந்த எத்தனை பேரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் என்று அவர் கேட்டதற்கும் நான் இன்னும் விசாரித்துச் சொல்லவில்லை.