கத்பர்ட்: ஒரு பேருக்குப் பின்னாடியே போன ரெண்டு நாள்

வட இங்கிலாந்துல நியூகாசில்ங்கற ஊர்ல நான் தங்கியிருந்த வீட்டு ஓனர் அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். முதல் நாள் சாயங்காலம் டீ போட்டுக் குடுத்துட்டு, சுவத்துல மாட்டியிருந்த ஒரு பழைய போட்டோவைக் காட்டி இது எங்க தாத்தா, பேரு கத்பர்ட்னாங்க. அழகான பேரா இருக்கேன்னேன், "இப்பல்லாம் யாரு பெட் இந்தப் பேரை வைக்கிறாங்க"ன்னு பெருமூச்சு விட்டாங்க. பெட்னா அந்தப் பக்கம் நம்மூர் 'கண்ணு' மாதிரி, கடைக்காரர்ல இருந்து பஸ் டிரைவர் வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. அந்தப் பேரு அன்னிக்கு ராத்திரி பூரா மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்துச்சு, சரி எங்கயோ சுத்தறதுக்கு இந்தப் பேரு பின்னாடியே போவோமேன்னு கெளம்பிட்டேன்.

பழைய ஆங்கிலத்துல 'கூத்'னா பேர் தெரிஞ்ச, புகழ் பெத்தன்னு அர்த்தம், 'பெயோர்ட்'னா பிரகாசம். ரெண்டையும் சேத்தா புகழொளின்னு வச்சுக்கலாம். ராபர்ட், ஆல்பர்ட், ஹெர்பர்ட்னு நம்ம ஊர்லயே எத்தனை பேர் இருக்காங்க, அந்தக் கடைசி 'பர்ட்' எல்லாமே இதே ஒளிதான்!

நியூகாசில்ல இருந்து டர்ஹாமுக்கு ட்ரெயின்ல கால் மணி நேரம் கூட ஆகாது. ஸ்டேஷன் மேட்டு மேல இருக்கு, அங்க இருந்து எட்டிப் பாத்தா ஊரையே கீழ தள்ளிட்டு கத்தீட்ரல் மேல நிக்குது. 1093ல கட்ட ஆரம்பிச்சது. அவ்வளவு பெரிய கோயில் எதுக்குன்னா கத்பர்ட்ங்கற பழைய காலத்துத் துறவியோட உடம்பை வைக்கத்தான். ஆனா பெரிய பீடத்துக்குப் பின்னாடி படியேறிப் போய்ப் பாத்தா தரையில ஒரு வெறும் கல்லு, அதுல CUTHBERTUS-னு பேரு மட்டும், லத்தீன்ல. வேற ஒண்ணுமே இல்ல. முன்னாடி அங்க தங்கமும் ரத்தினமுமா பெரிய சன்னதி இருந்துச்சு, எட்டாம் ஹென்றி ராஜா காலத்துல, 1530கள்ல, ஒடச்சுட்டாங்க. எனக்கு என்னவோ இப்ப இருக்கறதுதான் புடிச்சிருக்கு. பக்கத்துல ஒரு வயசான ஆளு மண்டி போட்டு ரொம்ப நேரம் அசையாம இருந்தாரு, நானும் சத்தம் போடாம ஓரமா உக்காந்துட்டேன்.

யாரு இந்த கத்பர்ட்னா, ஏழாம் நூற்றாண்டுத் துறவி. லிண்டிஸ்ஃபார்ன் தீவுல இருந்தாரு, பிஷப்பாவும் ஆனாரு, ஆனா மனசெல்லாம் தனியா இருக்கறதுலதான், 687ல இன்னர் ஃபார்ன்ங்கற சின்னத் தீவுல இறந்து போனாரு. ராத்திரி பூரா கடல் தண்ணியில நின்னு ஜெபம் பண்ணிட்டுக் கரையேறினப்போ ரெண்டு நீர்நாய் வந்து மூச்சு விட்டு அவர் காலைச் சூடாக்கி, தன் ரோமத்தால தொடச்சுச்சாம். பீட்ங்கற துறவி எழுதி வச்ச கதை இது, அவர் சமாதியும் இதே கத்தீட்ரல்லதான் இருக்கு. 698ல பெட்டியத் தெறந்தப்போ உடம்பு கெடாம இருந்துச்சுன்னும் அவர்தான் எழுதறாரு. அப்புறம் வைக்கிங்ங்கற கடல் கொள்ளைக்காரங்க பயம், 875ல துறவிங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு தீவை விட்டே கெளம்பிட்டாங்க, ஊர் ஊரா அலைஞ்சு ஒரு வழியா 995ல டர்ஹாமுக்கு வந்து சேந்தாங்க. நூறு வருஷத்துக்கு மேல! தூக்க ஆரம்பிச்சவங்க யாருமே கொண்டு வந்து சேத்ததப் பாத்திருக்க மாட்டாங்க.

அங்கயே மியூசியத்துல அவர் கழுத்துல கெடந்த சிலுவை இருக்கு, 1827ல சமாதியத் தெறந்தப்போ துணிமணிக்குள்ள கெடச்சதாம். உள்ளங்கையில அடங்கிடும், தங்கம், நடுவுல செவப்புக் கல்லு, நாலு பக்கமும் பொடிப் பொடியா செவப்புக் கல்லு பதிச்சிருக்கு. கிட்டப் போயி உத்துப் பாத்தா ஒடஞ்ச எடத்துல பழைய காலத்துலயே ஒட்டு போட்டிருக்கறது தெரியுது. கழட்டாம போட்டிருந்த நகையில இருக்கற தேய்மானம் அது.

பல நூறு வருஷம் வடக்குல இந்தப் பேரு ஓஹோன்னு இருந்துச்சு. டிரஃபால்கர் கடல் சண்டையில பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு அடுத்த நெலையில இருந்த அட்மிரல் காலிங்வுட் கூட ஒரு கத்பர்ட்தான், நியூகாசில்ல பொறந்தவரு. அப்புறம் முதல் உலகப் போர் வந்துச்சு, பட்டாளத்துக்குப் போகாம ஆபீஸ்ல ஒளிஞ்சுக்கறவனுக்கு 'கத்பர்ட்'னு பேப்பர்க்காரங்க கார்ட்டூன் போட்டு நக்கல் அடிச்சாங்க. தனியாளா கடலுக்கு நடுவுல குளிரைத் தாங்கின மனுஷனோட பேரைப் போயி பயந்தாங்கொள்ளிக்கு வச்சது எனக்கு இன்னிக்கும் ஆத்தாமையா இருக்கு. பேரு வழக்கொழிஞ்சு போனதுல இதுக்கும் பங்கு இருக்கும்னுதான் நெனைக்கிறேன்.

மறுநாள் லிண்டிஸ்ஃபார்ன். கடல் வத்தற நேரம் பாத்துத்தான் ரோட்டுல போக முடியும், ஏத்தத்துல ரோடே முழுகிடும், மாட்டிக்கிட்டவங்க ஏறி நிக்க நடுவுல கால் வச்ச ஒரு மரக் குடிசை கட்டி விட்டிருக்காங்க. ஊருக்குப் பக்கத்துல இன்னொரு துளித் தீவு, கத்பர்ட் தனியா இருக்கணும்னா அங்க போயிடுவாராம், இப்ப ஒரு மரச் சிலுவை நிக்குது. பாசி வழுக்குற பாறை மேல பாத்துப் பாத்து நடந்து போனேன். ஈடர் வாத்து நாலஞ்சு மிதந்துக்கிட்டு 'ஆஊ, ஆஊ'ன்னு யாரோ ஆச்சரியப்படற மாதிரியே கத்துச்சு. அதுங்களுக்கு இங்க 'கடி டக்'னு பேரு, கடின்னா கத்பர்ட்டோட செல்லப் பேரு. அவர் அந்த வாத்துங்களக் காப்பாத்தினாருன்னு சொல்றாங்க. கரையில கெடைக்கற நடுவுல ஓட்டை போட்ட குட்டிக் குட்டிக் கல்லுக்கும் அவர் பேருதான், கத்பர்ட் மணி. உண்மையில அது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த கடல் அல்லிங்கற பிராணியோட புதைபடிவம்.

ராத்திரி வீட்டுக்கு வந்து ஓனர் அம்மாகிட்ட எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னேன். மணியப் பத்திச் சொன்னதும் எழுந்து போயி மேஜை டிராயரத் தெறந்து ஒரு பழைய தீப்பெட்டிய எடுத்துட்டு வந்தாங்க. உள்ள பஞ்சு மேல சாம்பல் கலர்ல அஞ்சு மணி. "தாத்தா சின்னப் பையனா இருந்தப்போ பொறுக்கினது பெட்"னு சொல்லி ஒண்ண எடுத்து என் உள்ளங்கையில வச்சாங்க. மிளகு சைஸ்தான் இருந்துச்சு, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா அந்த ஓட்டை வழியா அந்தப் பக்கம் தெரிஞ்சுது.