உபரதியில் போன இரண்டு மதிப்பெண்: நெட் தத்துவம், மூன்றாவது முயற்சி

நேற்று மாலை நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) முடிவு வந்தது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது. ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) இல்லை. பரவாயில்லை, இரவு நன்றாகத் தூங்கினேன்.

போன முறை கட்-ஆஃபுக்கு இரண்டு மதிப்பெண் குறைவு. ஒரே ஒரு கேள்வி. அது எந்தக் கேள்வி என்பதும் எனக்குத் தெரியும். ஆறு மாதமாக அதை நினைத்துக்கொண்டே படித்தேன். அதனால் நான் சொல்வதில் பாதி அந்த ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும்.

சாதன சதுஷ்டயத்தில், அதாவது வேதாந்தம் கற்க வருபவருக்குச் சங்கரர் சொல்லும் நான்கு தகுதிகளில், மூன்றாவதாக வரும் ஆறு சம்பத்துகளைப் பொருத்தச் சொல்லும் கேள்வி அது. சமம் (மன அடக்கம்), தமம் (புலனடக்கம்), உபரதி, திதிக்ஷை ஒரு பக்கம், ஆங்கில விளக்கங்கள் மறு பக்கம். உபரதிக்கு நேரே ‘டாலரன்ஸ்’ (சகிப்புத்தன்மை) என்று அரை நிமிடம்கூட யோசிக்காமல் போட்டேன். விடைக்குறிப்பு வந்த பிறகுதான் விழித்தேன். உபரதி என்றால் விலகல். புலன்களைத் திரும்பவும் விஷயங்களின் பக்கம் போகவிடாமல் நிறுத்துவது, அல்லது விதிக்கப்பட்ட கர்மங்களை முறைப்படி துறப்பது என்று வேதாந்தசாரம் என்ற நூல் சொல்கிறது. குளிர், வெப்பம் போன்ற இரட்டைகளைத் தாங்குவது திதிக்ஷை. எம்.ஏ. முதலாண்டிலேயே படித்த விஷயம் இது.

பிறகு ஏன் தப்பு வந்தது? என் தாத்தாவால்.

தாத்தா நாற்பது வருடம் பிரம்மஞான சபையில் (தியாசபிகல் சொசைட்டி) இருந்தவர். டிசம்பர் வந்தால் அடையாறு மாநாட்டுக்குக் கிளம்பிவிடுவார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, 1910-இல் அல்சயோனி என்ற பெயரில் வெளிவந்த ஒரு சிறு நூலைத் தினமும் ஒரு பக்கம் வாசிக்கவைத்தார். அப்போது பதினைந்து வயதுப் பிள்ளையாக இருந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பெயரால் வந்த நூல் அது. அதன் கட்டுமானம் முழுக்கச் சங்கரரின் நான்கு சாதனங்கள்தான். ஆனால் அங்கே ஷட்சம்பத்து, அதாவது அந்த ஆறு சம்பத்துகள், ‘நன்னடத்தை’ ஆகிறது. அதற்குள் உபரதி இருக்கவேண்டிய இடத்தில் சகிப்புத்தன்மை, திதிக்ஷையின் இடத்தில் மலர்ச்சி. நான்காவதான முமுக்ஷுத்வம் ‘அன்பு’ ஆகிவிடுகிறது. விடுதலை வேண்டும் என்ற தீவிர ஆசை என்று சொன்னால் சுயநலம்போலத் தொனிக்கிறது என்று நூலே காரணம் சொல்கிறது. அழகான வாசிப்பு, இன்றும் எனக்குப் பிடித்த வாசிப்பு. ஆனால் பிரம்மசூத்திரத்தின் முதல் சூத்திரத்தில் உள்ள ‘அத’ (இனி) என்ற சொல்லுக்குச் சங்கரர் எழுதும் பாஷ்யத்தில் இருப்பது அதுவல்ல.

நம் மொழியிலேயே ஒரு பொறி இருக்கிறது, அதைக் கவனியுங்கள். தியாசபிக்கு நாம் வைத்த பெயர் பிரம்மஞானம். சங்கரர் பேசுவதும் பிரம்மஞானம். சின்ன வயதில் இரண்டும் ஒன்றே என்று நினைத்தவன் நான். முதல் முயற்சியில் இந்தியத் தத்துவக் கேள்விகளில் பாதியை அந்த நினைப்பில்தான் எழுதினேன்.

பயிற்சி வகுப்பில் ஓர் ஆசிரியர், “அது தத்துவமே கிடையாது, முதலில் அதை மறந்துவிட்டு வா” என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார், வலித்தது. மறக்கவும் முயன்றேன். இரண்டாம் முறை தோற்றது அப்படித்தான். பத்து வயதில் வாசித்தது மறக்காது. மறந்ததுபோல அடியில் கிடந்து, தேர்வு அறையில் முதல் ஆளாக எழுந்து வரும்.

தோற்ற பிறகு தாத்தாவின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். சகிப்புத்தன்மை வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: “உபரதி? விலகல் அல்லவா?” அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. சபையை விடவும் இல்லை, சந்தேகத்தை அழிக்கவும் இல்லை. எனக்கு வழி அங்கேதான் கிடைத்தது. மறக்காதீர்கள். தனியாக எழுதி, பெயர் போட்டு வையுங்கள்.

இரண்டு மை வைத்துக்கொண்டேன். மூல நூலும் பாஷ்யமும் சொல்வது கறுப்பில். பிரம்மஞானிகள் சொல்வது பச்சையில், யார், எந்த ஆண்டு என்பதோடு. மூன்று மாதத்தில் நோட்டு நிரம்பியது. சில பக்கங்கள்:

யோகம். பச்சை: இணைதல், ஜீவன் பரத்தோடு சேர்வது. எல்லா ஆன்மாக்களும் ஒரே பேரான்மாவோடு அடிப்படையில் ஒன்று என்பது 1888-இல் வந்த, சபையின் நிறுவனர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கியின் ‘சீக்ரெட் டாக்ட்ரின்’ வைக்கும் மூன்று அடிப்படைகளில் ஒன்று. கறுப்பு: யோகசூத்திரத்துக்கான வியாச பாஷ்யம் முதல் சூத்திரத்திலேயே ‘யோகம் என்பது சமாதி’ என்று முடித்துவிடுகிறது. கைவல்யம் (விடுதலை) சேர்க்கை அல்ல, புருஷன் (தூய உணர்வு) பிரகிருதியிலிருந்து (இயற்கையிலிருந்து) தனித்து நிற்பது. புருஷர்கள் பலர். ஈசுவரன்கூட ஒரு ‘புருஷ விசேஷன்’தான். கூற்று–காரணக் கேள்விக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

மறுபிறவி. பச்சை: மனித நிலைக்கு வந்த உயிர் மீண்டும் விலங்காகாது. கறுப்பு: சாந்தோக்கிய உபநிடதம் 5.10.7, தீய நடத்தையுள்ளவர் நாயாகவும் பன்றியாகவும் பிறப்பார் என்கிறது.

புத்தர். பச்சை: பிறவிதோறும் தொடரும் ஓர் ஆன்ம மையம். கறுப்பு: ஐந்து ஸ்கந்தங்களின் (உடல்-மனக் கூறுகளின்) தொகுப்பு மட்டுமே, அனாத்மா (நிலையான ஆன்மா இல்லை). இந்த ஒரு வரி என் முதல் முயற்சியில் மூன்று கேள்விகளைத் தின்றது.

மனித அமைப்பு. இதில் கொஞ்சம் நிற்கிறேன், எனக்கு மிகப் பிடித்த பக்கம் இது. பச்சையில் ஏழு தத்துவங்கள் (கூறுகள்): ஸ்தூல சரீரம், பிராணன், லிங்க சரீரம், காமம், மனஸ், புத்தி, ஆத்மா. கறுப்பில் தைத்திரீய உபநிடதத்தின் ஐந்து கோசங்கள் (உறைகள்). இரண்டையும் ஒட்டவைக்கக் கூடாது என்று வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. சபைக்குள்ளேயே, சென்னையில் வக்கீலாக இருந்த டி. சுப்பா ராவ், தாரக ராஜயோகத்தின் நான்கு பிரிவே சரியானது என்று பிளாவட்ஸ்கியோடு வாதாடினார். மூன்று உபாதிகள் (ஆத்மாவைப் போர்த்தும் உடல்கள்), அவற்றுக்கு அப்பால் ஆத்மா. 1887-இல் சபையின் சொந்தப் பத்திரிகையிலேயே அந்த விவாதம் அச்சானது. மரியாதையும் மறுப்பும் ஒரே பக்கத்தில். என் தாத்தாவின் பென்சிலுக்கும் அந்த வழக்கத்துக்கும் உறவு உண்டு என்றே நினைக்கிறேன்.

பச்சை மை வீண் என்று நினைக்கவேண்டாம். நவீன இந்தியத் தத்துவத்தில் எனக்கு மதிப்பெண் தந்தது அதுதான். ஜே. கிருஷ்ணமூர்த்தியை நான் இப்படிப் படித்தேன்: 1909-இல் அடையாறு கடற்கரையில் சபையின் முக்கியப் புள்ளியான லெட்பீட்டரின் கண்ணில் படுகிறார், 1911-இல் அவருக்காக ஓர் அமைப்பு, 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமனில் அவரே அதைக் கலைக்கிறார். உண்மைக்குப் பாதை இல்லை என்று அன்று சொன்னவர் எதையெல்லாம் உதறினார் என்று தெரிந்தால், ‘தெரிந்ததிலிருந்து விடுதலை’யும் ‘தேர்வற்ற விழிப்புணர்வு’ம் மனப்பாடம் செய்யவேண்டிய சொற்களாக இருக்காது. காந்தி கீதையை முதலில் படித்ததும் லண்டனில் இரண்டு தியாசபி நண்பர்களோடுதான். சபையின் இன்னொரு நிறுவனரான ஆல்காட் 1886-இல் தொடங்கிய அடையாறு நூலகம் ஓலைச்சுவடிகளைச் சேர்த்தது, உபநிடத் பிரம்மயோகியின் உரையோடு உபநிடதங்களை அச்சிட்டது. கறுப்பு மையில் நான் எழுதிய சிலவற்றுக்கே அந்தப் பச்சைக்காரர்கள்தான் பதிப்பாளர்கள்.

மற்றபடி எனக்கு உதவியவை:

- சொற்களைச் சமஸ்கிருதத்திலேயே மனதில் வையுங்கள். ஆங்கில விளக்கம் ஆளுக்கு ஆள் மாறும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.
- பொருத்துக கேள்வியில் உடனே தெரியும் விடையை இன்னொரு முறை பாருங்கள். வேகமாக வந்தது பழைய வாசிப்பிலிருந்து வந்திருக்கலாம்.
- நெகட்டிவ் மார்க் இல்லை, எதையும் விடாதீர்கள்.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக, கையால், மெதுவாக எழுதினேன். மாதிரித் தேர்வு மொத்தம் நான்குதான் எழுதினேன்.
- மாயைக் கொள்கைக்கு எதிராக ராமானுஜர் வைக்கும் ஏழு அனுபபத்திகளை (பொருந்தாமைகளை) வரிசையோடு படியுங்கள். ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.
- முதல் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். ஐம்பது கேள்வி, நூறு மதிப்பெண்.

குறியீட்டுத் தர்க்கத்துக்கு என்னிடம் வழி கேட்டு எழுதியவர்களுக்கு: என்னிடம் இல்லை. ஜே.ஆர்.எஃப். போனது அதில்தான். இன்று காலை புதிய நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன், அடுத்த தேர்வுவரை அது மட்டும்தான். இதற்கு ஒரே மை போதும்.