ஏ-அன் சேர் வைத்த பட்டம்

பொங்கலுக்கு அடுத்த நாள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ஏ-அன் சேர் போய்விட்டார். சொந்தப் பெயரைப் போட்டிருந்தால் நம்மில் பாதிப் பேருக்கு ஆள் பிடிபட்டிராது.

பட்டத்தின் காரணம் உங்களுக்குத் தெரியும். எந்த ஆங்கிலக் கொப்பியைத் திறந்தாலும் அவருடைய சிவப்புப் பேனா முதலில் தேடுவது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நாம் எழுத மறந்த 'ஏ' (a), 'அன்' (an) இரண்டையும்தான். 1981இல் ஒருநாள், "தமிழில் இதெல்லாம் இல்லாமல்தானே எழுதுகிறோம் சேர்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு மரம், ஓர் ஊர் என்று எழுதுகிற நீரா கேட்கிறீர்?" என்றார். 'அன்' என்பது 'ஒன்' என்ற எண்ணின் தேய்மானமாம். பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஆன்' என்று ஒரே சொல். மெய்யொலிக்கு முன்னால் இன்னும் தேய்ந்து 'ஏ' ஆகியிருக்கிறது. நான் விடவில்லை. "அப்ப அது எங்கட 'ஒன்று'தானே சேர்?"

"ஜெர்மன்காரன் 'ஐன்' என்கிறான். அவனுக்கும் நீர்தான் கொடுத்தனீரோ?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தக் கோபத்தில், மணி அடித்ததும் "ஏ-அன் போகுதடா" என்று கத்தினேன். ஏ-அன் இன்னும் போயிருக்கவில்லை.

அடிக்குத் தயாராகக் கையை நீட்டினேன். அடி விழவில்லை. மறுநாள் என்னைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பட்டப்பெயருக்கான ஆங்கிலச் சொல்லை, 'நிக்நேம்' என்று எழுதினார். பழைய வழக்கில் 'ஈக்' என்றால் மேலதிகம். மேலதிகப் பெயர் 'அன் ஈக்நேம்'. சேர்த்துச் சொல்லிச் சொல்லி அன்னின் வால் அடுத்த சொல்லில் ஒட்டிக்கொண்டு, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'ஏ நீக்நேம்' ஆகிவிட்டது. 'ஏப்ரன்' இதற்கு நேர்மாறு: முன்பு அது 'நாப்ரன்', தன் தலையை அன்னிடம் பறிகொடுத்தது.

"பட்டம் என்ற சொல்லுக்குள்ளேயே அன் ஒளிந்திருக்குது. தம்பி அறியாமலே பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்."

அன்று மத்தியானத்திலிருந்து நான் 'நிக்'.

1984இல், எல்லோரையும் போல நானும் புறப்பட்டேன். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. லண்டனில் முதல் வேலையில் என் நீண்ட பெயரோடு மேலாளர் மல்லுக்கட்டியபோது, அவசரத்தில் 'நிக்' என்றேன். ஓய்வு பெறும் வரை நிக்கலஸின் சுருக்கம் என்றே நினைத்திருந்தார்கள். நானும் திருத்தவில்லை.

அதன் பிறகு இரண்டு தரம் ஊருக்குப் போனேன். இரண்டு தரமும் ஆட்டோ அவருடைய ஒழுங்கையைத் தாண்டித்தான் போனது. வரும்போது இறங்குவம் என்றேன். வரும்போது நேரமில்லை.

மலர்க்குழுத் தம்பி முழுப்பெயர் கேட்டிருக்கிறார். 'நிக்' என்றே போடும் தம்பி. அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.