நீங்க சொன்னா சரி

"அவரை முன்னால போகச் சொன்னது யாரு?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான்தான் என்றேன். எழுத்தில் வேண்டும் என்றார்கள், எழுதிக் கொடுத்தேன். அவர்களுக்கு விஷயம் அதோடு முடிந்தது. எனக்கு இன்னும் முடியவில்லை.

நியூசிலாந்தின் ரொட்டோருவாவுக்குச் சுற்றுலாக் குழு கூட்டிப் போகிற என்னைப் போன்றவர்களுக்கு இது தெரிந்த கதைதான். மாலையில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் கிராமத்துக்குக் கிளம்பியதுமே டிரைவர் மைக்கைப் பிடித்துவிடுவார். இது இனிமேல் பஸ் இல்லை, ஓடம். நீங்கள் எல்லோரும் ஒரே குலம். உங்களுக்கு ஒரு தலைவர் வேண்டும், யார்? அந்தத் தலைவர்தான் வாசலில் எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும். தையாஹா என்கிற நீண்ட மர ஆயுதத்தைச் சுழற்றிக்கொண்டு, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டியபடி ஒரு வீரர் வருவார். தரையில் ஓர் இலையை வைத்துவிட்டுப் பின்வாங்குவார். வந்திருப்பது நட்பா பகையா என்று கேட்கும் சடங்கு, வேரோ என்று பெயர். வீரரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் குனிந்து அந்த இலையை எடுத்தால் நட்பு. சிரிக்கக் கூடாது. அவர் செய்வதைத் திருப்பிச் செய்து காட்டக் கூடாது.

காசு வாங்கிக்கொண்டு நடத்துவதுதான். ஆனாலும் அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. ரொட்டோருவாப் பக்கத்து மாவோரிகளான தே அரவா மக்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஊர் பார்க்க வருகிறவர்களை வரவேற்றுச் சுற்றிக் காட்டுகிறவர்கள். 1886இல் தரவேரா எரிமலை வெடிப்பதற்கு முன்பே சோஃபியா ஹினெராங்கி அங்கே பேர்பெற்ற வழிகாட்டி. என் தொழிலுக்கு அவர்கள் மூத்தவர்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் வாசலில் என் ஆட்கள் சிரித்துவைத்துவிடக் கூடாதே என்ற பதற்றம் எனக்கு எப்போதும் உண்டு.

வழக்கமாக யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர்தான் போவார். அந்தக் குழுவிலும் அப்படி ஒருவர் இருந்தார். டிரைவர் கேட்டு முடிப்பதற்குள் அவர் பாதி எழுந்துவிட்டார். நான் அவரைத் தாண்டி, மூன்றாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் போனேன்.

காரணம் இருந்தது. ஆக்லாந்திலிருந்து வரும் வழியில், நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணியைப் பற்றிச் சொல்லியிருந்தேன். கப்பல் மணி, வெண்கலம், விளிம்பு உடைந்தது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லோரும் தமிழன் எங்கெல்லாம் போயிருக்கிறான் பாருங்கள் என்று கைதட்டினார்கள். இந்தப் பெரியவர் மட்டும் கேட்டார்: "அந்தக் கப்பல்ல இருந்தவங்க என்ன ஆனாங்க தம்பி?" அது யாருக்கும் தெரியாது ஐயா என்றேன். அப்புறம் ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இலையை எடுக்க வேண்டியவர் இவர்தான் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான்.

"ஐயா, நம்ம எல்லார் சார்பாவும் நீங்க போறீங்களா?"

"நானா?" என்று மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா, "போயிட்டுத்தான் வாங்களேன்" என்றார்கள். அவர் என்னைப் பார்த்து, "நீங்க சொன்னா சரி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. டிரைவருக்குக் கட்டைவிரலைக் காட்டினேன், பஸ்ஸில் கைதட்டல்.

அவருக்குக் கைநடுக்கம் உண்டு. கிளம்பும் முன் வாங்கும் மருத்துவப் படிவத்தில் மகள் எழுதியிருந்தார், நானும் படித்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் சூப் வேண்டாம் என்று அவர் தள்ளுவதையும் பார்த்திருக்கிறேன். கேட்கும்போது அது என் நினைவில் இருந்ததா? இருந்தது. நடுக்கம் இருக்கிறது என்பதற்காக ஒருவரைத் தாண்டிப் போவது சரியில்லை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அப்படி நினைத்தது நான், அவர் இல்லை.

வாசலில் அவர் நின்ற விதம் இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. தையாஹா முகத்துக்கு அருகில் வந்து போனபோதும் இமைக்கவில்லை. மெதுவாக, ஒரு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பார்வை வீரரின் முகத்திலேயே இருந்தது. இலையை எடுத்து நிமிர்ந்தார். கை ஆட, இலையும் ஆடியது. இரண்டு கைகளாலும் பிடித்து, கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. வீரர் அசையவில்லை. பின்னால் மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் வைக்கும் ஹோங்கி நடந்தபோது, அந்த ஊர்ப் பெரியவர் மற்ற பஸ்களின் தலைவர்களைவிட இவரிடம் சற்று அதிக நேரம் நின்றார். நான் விரும்பியதால் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

யாரோ எடுத்த வீடியோ இரவே குழுவின் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அதில் கை மட்டும் பெரிதாக்கப்பட்டிருந்தது, பின்னணியில் காமெடி இசை. பயந்து நடுங்குகிறாராம். அது சுற்றிச் சுற்றி மகளிடம் போய்ச் சேர்ந்தது. ஊர் திரும்பிய வாரமே அலுவலகத்துக்குப் போன் செய்தார். "ஃபார்ம்ல எழுதிக் கொடுத்தேனே சார், படிச்சீங்களா இல்லையா? அத்தனை பேர் நடுவுல எங்கப்பாவை நிக்க வெச்சீங்களே!" என்று அழுதாராம்.

வீடியோ என் வேலை இல்லை, அதை எடுத்தவரைக் கேட்க வேண்டும் என்று விளக்கத்தில் எழுதினேன். உண்மைதான். ஆனால் எல்லோர் கையிலும் போன் இருக்கும் இடத்துக்கு ஒருவரை அனுப்பிவிட்டு அப்படிச் சொல்லலாமா என்று எழுதி முடித்ததும் தோன்றியது. அப்புறம், மகள் பார்த்தது ஆடும் கையை மட்டும்தான், நான் பார்த்தது முழு மனிதரை என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அவர் பக்கத்திலிருந்து அவருக்கு என்ன தெரிந்தது என்பது இந்த இரண்டிலும் இல்லை. முகத்தில் எதுவும் காட்டவில்லை. மறுநாள் காலை எப்போதும்போல முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறினார். கடைசி நாள் ஃபீட்பேக் படிவத்தில் அவர் எழுதியது, சைவச் சாப்பாட்டில் மோர் இருந்தால் நன்றாக இருக்கும் என்பது மட்டும்.

பத்து நாட்களாக எல்லா முடிவையும் நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். எத்தனை மணிக்கு எழுவது, எங்கே சாப்பிடுவது, எப்போது பஸ்ஸுக்குத் திரும்புவது என்று எல்லாவற்றுக்கும் அவர் நீங்க சொன்னா சரி என்றுதான் சொல்லிவந்தார். அதே மாதிரி இதற்கும் சொல்லியிருந்தால்? ஆனால் விருப்பம் இல்லாத மனிதர் அந்த இலையைக் கண்ணில் ஒற்றுவாரா?

இப்போது அலுவலகத்தில் விதி போட்டிருக்கிறார்கள்: பயணி யாரையும் நாமாக முன்னால் அனுப்பக் கூடாது, தானாகக் கை தூக்குகிறவர்தான் போக வேண்டும். நியாயமான விதி. அடுத்த குழுவில் கை தூக்கியவர் வீரரைப் பார்த்துப் பதிலுக்கு நாக்கை நீட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். திரும்பும் வழியில் டிரைவர் என்னோடு பேசவே இல்லை.

ஐயாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டு நேராகக் கேட்டுவிடலாம் என்று சில நாள் தோன்றும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். அதை வைத்து நான் என்ன தெரிந்துகொள்வது?