ட்சுகிஜி சந்தையும் நாமியோகே கோயிலும்

டோக்கியோவின் மீன் மொத்த ஏலம் 2018 அக்டோபரில் ட்சுகிஜியிலிருந்து டொயோசு பகுதிக்குப் போய்விட்டது. ட்சுகிஜியில் மிச்சமிருப்பது அதைச் சுற்றியிருந்த கடைத்தெருக்கள், அதாவது வெளிச்சந்தை. வழிகாட்டியோடு சுற்ற இதுவே எனக்குப் பிடித்த இடம். டொயோசுவில் ஏலத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க முடியும்.

காலை எட்டு மணிக்குள் தொடங்குங்கள். பத்துக்கு மேல் சந்துகளில் நகர முடியாது. மதியம் இரண்டுக்குள் பல கடைகள் மூடிவிடும். ஞாயிறும் புதனும் பாதிச் சந்தை தூங்கும். சில்லறை யென் கையில் இருக்கட்டும்.

வாங்கியதைக் கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டு, குச்சியையும் தட்டையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். நடந்துகொண்டே தின்றால் கூட்டத்தில் அடுத்தவர் சட்டையில் சாஸ்தான் படும். குப்பைத்தொட்டியும் தெருவில் கிடைக்காது. சைவர்கள் கவனிக்க: தமாகோயாகி (சுருட்டிச் சுட்ட ஆம்லெட்) வெறும் முட்டை இல்லை, பெரும்பாலும் மீன் சாறு சேர்த்துச் சுடுவது. கடற்பாசித் தாள், தேயிலைக் கடைகளில் பெரும்பாலும் பயமில்லை, ஆனால் ஊறுகாயில் மீன் சேர்ந்திருக்கலாம், கேட்டுவிடுங்கள்.

சந்தையின் ஓரத்தில் நாமியோகே இனாரி கோயில். கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது அலையைத் தடுக்க வேண்டி எழுந்தது. இறாலுக்கும் முட்டைக்கும்கூட இங்கே நினைவுக்கல் உண்டு!

சன்னதிக்குப் போகுமுன் கை, வாய் சுத்தம் செய்ய வேண்டும்: அங்குள்ள அகப்பையில் ஒரே முறை நீர் மொண்டு இடக்கை, வலக்கை கழுவி, இடது உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளியுங்கள். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. இடக்கையை மறுபடி கழுவி, மீதி நீர் பிடியில் வழியும்படி அகப்பையை நிமிர்த்துங்கள். முதலிலேயே தாராளமாக ஊற்றுபவர்களுக்குக் கடைசியில் நீர் மிஞ்சாது. சன்னதியில் நாணயம் போட்டு இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மீண்டும் ஒரு முறை குனிய வேண்டும்.