மெழுகும் செப்புத் தகடும்: சோழமண்டலத்துக் கைவேலை

சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்றதும் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் அந்த நிலத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பாத்திக் துணி, அதாவது மெழுகால் கோலம் போட்டுச் சாயம் ஏற்றிய துணி, விற்ற பணம் அது. சென்னை ஓவியப் பள்ளி முதல்வராக இருந்த பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கைவினைச் சங்கம் அமைத்து உழைத்துச் சேர்த்தது. கைவேலை சோறு போடட்டும், ஓவியம் யாருக்கும் வளைந்து கொடுக்காமல் இருக்கட்டும் என்பது பணிக்கரின் எண்ணம். ஆனால் கைவேலை சோற்றோடு நின்றுவிடவில்லை, அவர்களுடைய கலைக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதே என் கருத்து. வேலை நடக்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும்.

பாத்திக்குக்குப் பருத்திதான் வசதி. மல், கேம்பிரிக், பாப்ளின் எதுவானாலும் மில் கஞ்சி முழுக்கப் போகும்வரை சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். கஞ்சி மிச்சமிருக்கும் இடத்தில் சாயம் திட்டுத்திட்டாக நிற்கும். மெழுகைப் பொறுத்தவரை பாரஃபின் ஆறு பங்கு, தேன்மெழுகு நான்கு பங்கு என்பது நல்ல தொடக்கம். பாரஃபின் கூடினால் மெழுகு நொறுங்கி, சாயம் நரம்பு நரம்பாக உள்ளே ஓடும். பாத்திக்குக்கே உரிய விரிசல் அழகு அதனால் வருவதுதான். மெல்லிய, சுத்தமான கோடு வேண்டுமானால் தேன்மெழுகைக் கூட்டுங்கள்.

சூடு சுமார் 120 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம். கோடு ஈரம் பட்டதுபோல் கண்ணாடியாகத் தெரிந்து, பின்பக்கமும் ஊறியிருந்தால் சரியான சூடு. வெள்ளையாக மேலேயே படிந்தால் மெழுகு ஆறிவிட்டது, அடியில் சாயம் புகுந்துவிடும். எண்ணெய்போல் பரவினால் சூடு மிஞ்சிவிட்டது. புகை கிளம்பினால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும். தீப்பிடித்தால் மூடி போட்டு மூடுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

சாயம் குளிர்ந்த நீரில்தான், சுடுநீரில் மெழுகு இளகிவிடும். இன்றைக்குப் பட்டறைகளில் நாப்தால் சாயம் சகஜம். நாப்தாலை டி.ஆர். ஆயிலில் (சாயத்தைக் குழைக்க உதவும் ‘டர்க்கி ரெட்’ எண்ணெய்) குழைத்து, கொதிநீர் விட்டு, காஸ்டிக் சோடா சேர்த்தால் கலங்கல் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் காஸ்டிக் போதவில்லை, நிறம் சீராக ஏறாது. அதைக் குளிர்ந்த நீரில் கலந்து துணியை நனைத்து, வடியவிட்டு, சால்ட் கரைசலில் (சமையல் உப்பு அல்ல, நாப்தாலோடு சேர்ந்து நிறம் தரும் சாய உப்பு) போட்டதும் நிறம் கண்ணெதிரே மலரும். நாப்தால் ஒரு பங்குக்கு சால்ட் இரண்டு பங்கு. கையுறையும் முகமூடியும் கட்டாயம். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும், ஒவ்வொரு நிறத்துக்கும் முன்னால் காக்க வேண்டிய இடத்தை மெழுகால் மூட வேண்டும்.

கடைசியில் சோப்பு நீரில் கொதிக்க வைத்தால் மெழுகு மிதந்து வரும், ஆறியதும் அடையாக எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இந்தச் சோப்புக் கொதியில் அவசரப்பட்டால் மேலோட்டமாக ஒட்டிய சாயம் பிற்பாடு உடம்பில், சட்டையில் எல்லாம் ஒட்டும்.

மெழுகில் போட்ட கோட்டை அழிக்க முடியாது. நிறம் வருவதற்கு முன்பே படம் முழுவதும் மனதில் முடிந்திருக்க வேண்டும். மெட்ராஸ் ஓவியர்களைக் கோட்டின் கலைஞர்கள் என்று சொல்லும்போது, இந்தப் பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு என்றே நம்புகிறேன். சோழமண்டலத்து ஓவியர்களில் ஒருவரான, பாத்திக்கிலும் உழைத்த எஸ்.ஜி. வாசுதேவ் பிறகு செப்புத் தகட்டில் புடைப்புச் சிற்பங்கள் செய்தார். அவருடைய மரங்களில் கோடு நிற்பதும் ஓடுவதும் அதே தீர்மானத்தோடுதான்.

உலோகத்தில் சங்கதி வேறு. 22 அல்லது 24 கேஜ் (தகட்டின் தடிப்பைக் குறிக்கும் எண்) செப்புத் தகட்டை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இளகும் (எஃகை இப்படிச் செய்தால் இறுகிவிடும்). குங்கிலியம், செங்கற்பொடி, எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய படுகையில் தகட்டைப் பதித்து, பின்பக்கத்திலிருந்து தட்டி உப்ப வைத்து, திருப்பி முன்பக்கத்தில் உளியால் விளிம்பைத் தீர்ப்பார்கள். தட்டத் தட்டச் செம்பு இறுகும். சுத்தியல் துள்ளி, ஓசை கணீரென்று மாறினால் மறுபடி காய்ச்ச வேண்டிய நேரம். அதைப் பொருட்படுத்தாமல் தட்டினால் உப்பலின் உச்சியில் கிழியும்.

சோழமண்டலத்துச் சிற்பி எஸ். நந்தகோபாலின் செம்பு, பித்தளைச் சிற்பங்கள் பார்ப்பவரை நேராக எதிர்கொண்டு நிற்பவை. இன்னொரு சிற்பியான பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களைப் பார்த்தால் கோயில் கவசம் நினைவுக்கு வரும். தகட்டுக்கு முன்பக்கம்தான் உயிர், அதைக் குறையாக நினைக்காமல் அழகாக்கியவர்கள் இவர்கள்.

பித்தளையைப் பற்றவைக்கும்போது வெண்புகை எழுந்தால் துத்தநாகம் ஆவியாகிறது என்று பொருள். மூச்சில் போனால் காய்ச்சல் வரும், காற்றோட்டம் வேண்டும். பற்றவைக்கத் தடவிய வெங்காரம் மிச்சமில்லாமல் சுடுநீரில் கழுவிவிட்டு, முழுக்க உலர்ந்தபின் மெழுகோ லாக்கரோ பூசுங்கள். கடற்கரை ஓரமாக இருந்தால் உப்புக்காற்று செம்பைச் சீக்கிரமே பச்சையாக்கிவிடும். பூச்சு ஓர் இடத்தில் விட்டாலும் அங்கிருந்துதான் களிம்பு கிளம்பும்.